நிறம் வராத தூண்

நாடு ஒரு வருடத்தில் எவ்வளவு கரியமில வாயுவை விடுகிறது என்று கணக்கெடுத்து உலகத்துக்குச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘கழித்தல்’. கணக்கில் எதைக் கழிக்கலாம் என்றே மனிதர் கனவு காண்பார். சிமெண்ட் செய்யும்போது வெளியேறும் வாயுவில் ஒரு பங்கை, கட்டி முடித்த சுவரும் தூணும் வருடக்கணக்கில் மெல்லத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அதைக் கழிக்க வேண்டுமானால் எவ்வளவு ஆழம் உறிஞ்சியிருக்கிறது என்று அளந்து காட்ட வேண்டும்.

உடைத்த கான்கிரீட்டில் மருந்து தெளிப்போம். காற்று நுழையாத இடம் ரோஜா நிறமாகும். நுழைந்த இடம் அப்படியே இருக்கும். இறுக்கமான கலவையில் காற்று நகக்கண் அளவுதான் நுழையும். சிமெண்டைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் கம்பிவரை போய்விடும், கம்பி துருப்பிடிக்கும்.

இந்த முறை எங்களுக்கு வாய்த்தது, சரிந்து விழுந்த ஒரு குடியிருப்பு. அதைக் கட்டிய மேஸ்திரி என் அண்ணன். அங்கேயே குடியிருந்தார், அதனடியிலேயே போய்ச் சேர்ந்தார். தன் வினை தன்னைச் சுடும் என்றார்கள், அண்ணியின் காதுபடவே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஒரு புட்டி மருந்தால் மூடிவிடலாம் என்று நான் நம்பினேன். அதனால்தான் இது யார் கட்டியது என்று கழித்தலிடம் சொல்லவில்லை; சொன்னால் வேறு ஆளை அனுப்பிவிடுவார்.

இடிபாட்டைச் சுற்றிப் போட்டிருந்த வேலிக்கு வெளியே, அதைப் பிடித்தபடி அண்ணி நின்றிருந்தார். “அவரு கலவையில கை வைக்கிற ஆளே இல்ல. நீ தெளிம்மா, பாக்கலாம்.”

கீழ்த்தளத் தூணை உடைத்துக் கொடுத்தார்கள். தெளித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்று பக்கத்தில் புதிதாகப் போட்டிருந்த தளத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துத் தெளித்தேன். குப்பென்று நிறம் ஏறியது. மறுபடியும் தூண். நிறமே இல்லை. உள்ளே இருந்த கம்பி, விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. அண்ணன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. செத்தவரை எங்கே போய்த் திட்டுவது?

கழித்தல் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அடேங்கப்பா, கம்பியத் தாண்டிக் குடிச்சிருக்கே! இந்த மாதிரி இன்னும் பத்துக் கட்டடம் கெடைச்சா போதும்மா, நம்ம கணக்கு எங்கயோ போயிடும்.”

வேலிக்குத் திரும்பி நடந்தேன்.

“என்ன ஆச்சு?” என்றார் அண்ணி.

“நிறம் வரல அண்ணி.”

“வரலேன்னா நல்லதா, கெட்டதா?”

பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

“நாட்டுக்கு நல்லது அண்ணி” என்றேன்.

அண்ணி என் முகத்தையே பார்த்தார். “அப்போ நமக்கு...” என்று தொடங்கியவர், வேலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.