தேய்ந்த சக்கரம்

ஃபினிஷிங் மேஸ்திரி பரந்தாமனுக்கு மகன் பிறந்தது 1981ஆம் வருஷம், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில், தோல்களைத் தரம் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்தில், காலை பதினொன்றரை மணிக்கு. யாருக்கும் இடுப்பு வலி எடுக்கவில்லை. தோல் வாங்க ஜெர்மனியிலிருந்து வந்திருந்த க்ளாசன், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பரந்தாமன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். பையனா என்றார். தலையை ஆட்டினான். அடுத்த முறை அவர் கையில் ஒரு பெட்டியோடு வந்தார்.

பெட்டிக்குள் ஒரு போர்விமானம் இருந்தது. ஒரு சாண் நீளம், ஆனால் கையில் எடுத்தால் அரைப்படி அரிசி போல் கனத்தது. பச்சையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டான வண்ணம், இறக்கைகளில் கறுப்புச் சிலுவை, வயிற்றின் கீழே சுழலும் மூன்று ரப்பர்ச் சக்கரங்கள்.

அதை அவர் ஏன் கொடுத்தார் என்பதைப் பரந்தாமன் கால் கழுவிக்கொண்டே, மனைவிக்கு முதுகைக் காட்டியபடி சொன்னான். விஜயகுமாரி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. வேலூரில் டாக்டர் இருவரையும் சோதிக்க வேண்டும் என்றபோது, "எனக்கு இன்னா சோதனை?" என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்த வீரர் இவர். ஊசி, மருந்து, விரதம் எல்லாம் அவளுக்கு. மகன் மட்டும் இவருக்கு, அதுவும் ஒரே விரலில்.

விமானம் கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. வந்தவர்களிடம், தன் ஃபினிஷிங்கைப் பார்த்து அசந்துபோய் வெள்ளைக்காரர் கொடுத்த பரிசு என்று சொல்லிக்கொண்டான். வெள்ளைக்காரருக்கு ஒரு பொய், தெருவுக்கு ஒரு பொய். இரண்டையும் தூசி தட்டி வைக்க ஒருத்தி.

தூசி தட்டத்தான் அவள் முதலில் அதை எடுத்தாள். மத்தியானச் சங்கு ஊதி, தெரு அடங்கியிருந்த நேரம். துடைத்தபின் அலமாரியில் வைக்காமல் சிமெண்டுத் தரையில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஒரு விரலால் தள்ளினாள். அது நேராக ஓடி, சமையலறை நிலைப்படியில் முட்டி நின்றது. யாராவது பார்த்தார்களா என்று ஜன்னலைப் பார்த்தாள். முப்பத்தொரு வயதுப் பொம்பளை, தரையில் உட்கார்ந்து பொம்மை உருட்டுகிறாள். புருஷனைப் பார்த்துச் சிரிக்க வைத்திருந்த சிரிப்பெல்லாம் தன் பக்கமே திரும்பியது. மறுநாளும் உருட்டினாள். அதற்கு மறுநாளும்.

இரண்டு வருஷத்தில் முன் சக்கரத்தின் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. மூக்கு நுனியில் நிலைப்படியின் அடி பட்டு வண்ணம் உதிர்ந்தது. அலமாரியில் வைக்கும்போது அவள் விமானத்தின் மூக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அப்படி வைக்க அவசியமே இருக்கவில்லை. ஆறடி தூரத்திலிருந்தே தோலில் உண்ணி கடித்த தழும்பைக் கண்டுபிடிக்கும் பரந்தாமன், தன் வீட்டில் எதையும் இரண்டாம் முறை பார்த்ததில்லை.

1984 ஜனவரியில் சேதி வந்தது. க்ளாசன் வருகிறார். மேஸ்திரியின் வீட்டுக்கு வந்து பையனைப் பார்க்க ஆசைப்படுகிறார். பரந்தாமனுக்குப் பயம் பிடித்தது. அவன் முதல் தரம் என்று கைகாட்டினால் க்ளாசன் அந்தத் தோல்கட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அவனுடைய மரியாதை முழுக்க அந்த ஒன்றில்தான் நின்றது. வாயில் பொய் வரும் என்று தெரிந்துவிட்டால் கையை யார் நம்புவார்கள்?

பள்ளிகொண்டாவிலிருந்து தங்கச்சி மகனை ஒரு நாளைக்கு அழைத்துவரலாம் என்றான்.

"அவன் உங்கள மாமான்னு கூப்புடுவான். வெள்ளக்காரருக்குப் புரியாது. கூட வர்ற முனீர் சாருக்குப் புரியும்" என்றாள் விஜயகுமாரி.

முனீர் அகமது மெட்ராஸ் ஆபீஸ் மானேஜர், மொழி பெயர்க்க வருகிறவர். அதனால் பையன் வாலாஜாபேட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதாக முடிவாயிற்று. கேட்டால் அவள் ஆமாம் என்று மட்டும் சொல்ல வேண்டும். இல்லாத பிள்ளைக்கு அம்மாவாக நிற்பதா, நிற்கமாட்டேன் என்று கட்டின புருஷனை நாலு பேர் முன் தலைகுனிய வைப்பதா? கறிகாய் நறுக்கும்போதும் அவளுக்குள் அதுவே ஓடியது.

அதற்குள் அவனுக்கு இன்னொரு பயம் வந்தது. பையன் விளையாடிய பொம்மை இவ்வளவு புதிதாக இருக்குமா? விமானத்தைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போனான். தோலின் தழும்பு தெரியாமலிருக்க உப்புத்தாளால் தேய்க்கும் பஃபிங்தான் அவன் தொழில். வாழ்நாளில் முதல் தடவையாகத் தழும்பு உண்டாக்க உட்கார்ந்தான். கொண்டுவந்து காட்டியபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இடது இறக்கை எவ்வளவோ வலது இறக்கையும் அவ்வளவே. முதுகு, வயிறு, வால் எல்லாம் ஒரே சீராக, ஏற்றுமதித் தரத்தில் தேய்ந்திருந்தன.

"இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. உங்க புள்ள ரொம்ப ஒழுங்கு."

க்ளாசன் வந்தார். டீ குடித்தார். பையன் ஹாஸ்டலில் இருக்கிறான் என்றதும் வருத்தப்பட்டார். விமானத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய கட்டைவிரல், தோலைப் பார்க்கும்போது போவதுபோலவே, இறக்கையின் மேல் மெதுவாகப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. ஏதோ சொன்னார்.

முனீர் அகமது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பஃபிங் நல்லாருக்குன்றார், மேஸ்திரி."

பரந்தாமனின் முகம் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோல்போல் வெளுத்தது. க்ளாசன் விமானத்தைக் குப்புறத் திருப்பினார். முன் சக்கரத்தை நகத்தால் சுற்றினார். ரப்பரின் தேய்ந்த பக்கத்தில் விரல் நின்றது. பிறகு மூக்கு நுனியைத் தடவினார். இந்த முறை அவர் பேசியது அவளைப் பார்த்து.

"மேல இருக்கறதெல்லாம் செஞ்சது, இந்தச் சக்கரம் மட்டும் நெஜம்ன்றார், அம்மா. ஹாஸ்டல்ல இருக்கற பையன் எப்ப இவ்ளோ உருட்டினான்னு கேக்கறார்."

பரந்தாமன் அவளைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படி அவளைப் பார்த்ததில்லை. லீவுல வரும்போது என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு அவன்மேல் இரக்கம்கூட வந்தது. ஆனால் அந்தச் சக்கரம்? ஊசிகளையும் விரதங்களையும் போல அதையும் தூக்கி, பிறக்காத அந்த வாலாஜாபேட்டைப் பையனுக்குக் கொடுப்பதா? அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

"பையன் யாரும் இல்ல சார்" என்றாள். "நான்தான் உருட்டுவேன். மத்தியானத்துல."

முனீர் அகமது கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு மொழி பெயர்த்தார். க்ளாசன் தலையசைத்தார். விமானத்தைப் பரந்தாமன் பக்கம் நீட்டவில்லை. அவள் காலருகே தரையில், சக்கரங்கள் படும்படி வைத்தார். எழுந்தார். வாசலில் முனீர் அகமது சொல்லிவிட்டுப் போனார்: நாளையிலிருந்து எல்லாத் தோல்கட்டையும் க்ளாசன் துரை பிரித்துப் பார்ப்பார்.

ஜீப் போன பிறகும் பரந்தாமன் நாற்காலியிலேயே இருந்தான்.

"என் மானத்த வாங்கிட்டே" என்றான்.

அவள் டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து விமானத்தை எடுத்து, அலமாரிக் கதவைத் திறந்தான்.

"அங்க வெக்காதீங்க" என்றாள் விஜயகுமாரி. "கீழ வெயுங்க. அது என்னுது."