உள்ளே விட்ட துணி

தையல்காரருக்கு உலகத்தில் எல்லாமே அளவுதான். அக்கா மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஈரல் கெட்டு, உடம்பெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தாள். தன் ஈரலில் ஒரு துண்டைக் கொடுத்து அவளைப் பிழைக்க வைத்த தாய்மாமன் இவர்தான். அதைச் சொல்லாமல் விடுவாரா? பட்டன் வைக்க வந்தவர்கூட அவர் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் போக முடியும்.

வினை பள்ளிக்கூடச் சீருடையில் வந்தது. போன வருஷம் அவளுக்குத் தைத்த பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது. வளர்கிற பிள்ளையாயிற்றே என்று மடிப்புக்குள் தாராளமாகத் துணி விட்டுத் தைத்திருந்தார். அதையும் பிரித்துவிட்டாயிற்று. டேப்பைக் கழுத்தில் போட்டபடியே மனுஷர் உட்கார்ந்துவிட்டார். பாவாடையே பத்தவில்லை. கைக்குழந்தை அளவுக்கு வைத்த ஈரல் மட்டும் எப்படிப் பத்தும்?

யாரிடமும் மூச்சு விடவில்லை. எண்ணெயில் பொரித்ததை எல்லாம் நிறுத்தினார். மிச்சமிருக்கும் ஈரலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமே. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், தைத்த சட்டை ஒன்றுக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டார்.

பிள்ளைக்கு வருஷா வருஷம் நடக்கும் பரிசோதனை நாள் வந்தது. இவர் மாற்றுத் துணி, போர்வையோடு வந்து நின்றார்.

"பையும் கையுமா எங்கடா கிளம்பிட்ட?" என்றாள் அக்கா.

"பேசாம வாக்கா."

ஸ்கேன் அறையில் டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுப்பதற்குள் இவர் சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"புள்ள வளந்துட்டா டாக்டர். பழைய துண்டு பத்தாது. இந்தத் தடவை கொஞ்சம் பெருசாவே வெட்டிக்குங்க. வெறும் வயித்தோடதான் வந்திருக்கேன்."

டாக்டர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

"முதல்ல பட்டனைப் போடுங்க. இவ வளர வளர அதுவும் கூடவே வளந்திருக்கு. அளவு கச்சிதமா இருக்கு. உங்களோடதும் எப்பவோ வளந்தாச்சு."

வெட்டிய துணி தானே வளர்ந்ததை அவர் இதுவரை கண்டதில்லை. நிம்மதியில் கண் கலங்கியது. கூடவே லேசாக ஒரு குறையும் எட்டிப் பார்த்தது.

"அப்ப அதுல என் பங்கு எவ்வளவு டாக்டர்?"

வயிற்றில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டே பிள்ளை முந்திக்கொண்டாள். "கொஞ்சூண்டு மாமா. மிச்சத்தை நானே வளத்துக்கிட்டேன்."

மறுநாள் கடைக்கு வந்த ஒருவரிடம் வழக்கம்போலச் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டையைக் கீழே இறக்கிவிட்டார்.

"நான் குடுத்தது துண்டுத் துணிதாங்க," என்றார். "தச்சுப் போட்டுக்கிட்டது அவதான்."