ஒரு புதன்கிழமை மட்டும் தின்ற பாம்பு

அந்தப் பாம்பு ஒரு புதன்கிழமை எலிக்குஞ்சைத் தின்றது. அடுத்த புதன்கிழமை, அதே பையிலிருந்து எடுத்த அதே அளவு குஞ்சைத் தின்னவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. ஏன் என்று அதை வளர்க்கும் ரய்யாவுக்குப் பிடிபடவே இல்லை.

பாம்பு என்றதும் படமெடுப்பதை நினைக்க வேண்டாம். இது ஒரு முழம்கூடத் தேறாத மணல் பாம்பு, விஷம் கிடையாது. பிதியா ஊரைச் சுற்றிய மணல்மேடுகளில் உடம்பைப் புதைத்து, தலையுச்சியில் இருக்கும் இரண்டு கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பல்லிக்காகக் காத்துக் கிடக்கும். ரய்யாவின் கணவன் நப்ஹான் போன குளிர்காலத்தில் மணலில் ஜீப் ஓட்டி வித்தை காட்டியபோது, சக்கரத்தில் சிக்கி இதன் முதுகு கோணிவிட்டது. கோணிய முதுகோடு ஆழமாகத் தோண்டி இறங்க முடியாது. வெளியே விட்டால் வெயில் கொன்றுவிடும், இல்லையென்றால் பருந்து. பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ரய்யா அதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து, வீட்டுச் சுவரில் பிடித்த பல்லிகளைக் கொடுத்துத் தேற்றினாள்.

பிறகு வீட்டுக்குக் கரப்பான் மருந்து அடித்தார்கள். பாதிப் பல்லிகள் செத்தன. மீதியின் வயிற்றில் மருந்து இருக்கும். இனி பல்லி கொடுக்க முடியாது. மஸ்கட்டில் ஒரு கடையிலிருந்து உறைய வைத்த எலிக்குஞ்சுகளை வரவழைத்தாள். கண் திறக்காத, முடி முளைக்காத, சுண்டுவிரல் நுனி அளவுக் குஞ்சுகள். பாம்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு கிராம் இருந்தது நாற்பத்தாறுக்கு இறங்கியது. நாற்பதைத் தொட்டால் பிழைக்காது என்று ரய்யா கணக்குப் போட்டிருந்தாள்.

பாம்பு கண்ணை நம்புவதைவிட நாக்கைத்தான் அதிகம் நம்பும். பிளந்த நாக்கை நீட்டி, காற்றிலும் தரையிலும் இருக்கும் வாசனைத் துகள்களை ஒட்டி எடுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலண்ணத்தில் இருக்கும் இரண்டு குழிகள் அந்தத் துகள்களைச் சோதித்து, இது சாப்பாடா இல்லையா என்று சொல்லும். இந்தப் பாம்பின் குழிகளுக்குத் தெரிந்த சாப்பாடு பல்லி ஒன்றுதான். அப்படியானால் எலியைப் பல்லியாக மணக்க வைத்தால் போதுமே! மருந்தடிப்பதற்கு முன்பே பல்லிகள் உதிர்த்த நாலு வால்கள் ஒரு குப்பியில் உறைந்து கிடந்தன. குஞ்சை வெந்நீரில் போட்டு இளக்கி, துண்டால் ஈரம் துடைத்து, வாலை அதன்மேல் தேய்த்து, இடுக்கியால் நீட்டினாள். பாம்பு மணலுக்குள்ளிருந்து பாய்ந்து கவ்வி, சுற்றி இறுக்கி விழுங்கியது. அதுதான் அந்த முதல் புதன்.

அதே வேலையை அதே வரிசையில் செய்தும் அடுத்த இரண்டு புதன்களும் பாம்பு நாக்கை இரண்டு முறை நீட்டிவிட்டு, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"ஒனக்கும் அதுக்கும் ஏதாச்சும் சண்டையா?" என்றாள் மாமியார் ஷம்ஸா, வாசலில் நின்றபடி. தொட்டி இருக்கும் அறைக்குள் அவள் கால் வைப்பதில்லை.

"அத்தே, அன்னிக்கு என்ன வித்தியாசமா இருந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"அன்னிக்கா? எங்கண்ணன் காரியம். மூணாம் நாளு. வீடு பூரா சனம்."

ரய்யாவுக்குப் பொறி தட்டியது. துக்கம் கேட்க வந்த நாற்பது பெண்கள் அன்று வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார்கள். பாம்புக்குக் காது வெளியே கிடையாது. தரையின் அதிர்வைத் தாடையெலும்பு வழியாக உணரும். மணல் அதிர்ந்ததால்தான் அதற்கு இரை நினைவு வந்ததோ?

அன்றே, அந்த மூன்றாவது புதன் மாலை, குஞ்சை மறுபடி இடுக்கியில் நீட்டிக்கொண்டு, நப்ஹானைத் தொட்டியைச் சுற்றி நடக்க விட்டாள்.

"இன்னும் அழுத்தி மிதிங்க."

"ஒட்டகம் மாதிரி நடக்கச் சொல்றியா, மனுசன் மாதிரியா?"

"நாப்பது பொம்பளைங்க மாதிரி."

"நாப்பது பேரும் பேரீச்சம்பழம் தின்னுட்டே நடந்தாங்க. எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கல நீ."

"இந்த வீட்டுல பாம்புக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்ல," என்றாள் ஷம்ஸா வாசலிலிருந்து. "எம் மவன் இன்னும் நல்லாக் குதிக்கட்டும்."

அவன் குதித்தான். அலமாரியில் காபிக் கிண்ணங்கள் கிணுகிணுத்தன. பாம்பு கண்ணையும் மணலுக்குள் இழுத்துக்கொண்டது. எடை நாற்பத்திரண்டு.

ரய்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த முதல் புதனில் உடுத்திய கறுப்பு உடையை உடுத்திப் பார்த்தாயிற்று. அன்று செய்த நேரத்திலேயே செய்தாயிற்று. தொட்டியின் சூட்டை அளந்தாயிற்று. வால் பழசாகிவிட்டதா என்று குப்பியிலிருந்து வேறு வாலையும் எடுத்தாயிற்று. எதுவும் மாறவில்லை, பாம்பு மட்டும் மாறிவிட்டது. அது எப்படி?

மறுநாள் மாலை ஷம்ஸா வழக்கம்போலத் தூபக்காலில் கரி மூட்டி சாம்பிராணியும் ஊது என்கிற அகில் கட்டையும் போட்டாள். அதன்மேல் மரக்கூண்டைக் கவிழ்த்து, துவைத்த துணிகளை ஒவ்வொன்றாக விரித்தாள். இந்த வீட்டில் புகை குடிக்காத துணி கிடையாது.

"அந்த மூணு நாளு இது இல்லாம எனக்கு வீடே வீடா இல்ல," என்றாள் புகையைத் தலைமுடிக்கு விசிறிக்கொண்டே. "அண்ணன் போயிருக்கையில வாசன போடலாமா? ஒரு துணிக்கும் காட்டல. ஒன்னோட எலித்துண்டக்கூடத் தொவச்சு அப்படியே மடிச்சு வெச்சேன், பாவம்."

ரய்யா நிமிர்ந்தாள். "என் துண்டுக்குமா புகை போடுறீங்க?"

"பின்னே? செத்த எலியத் தொடச்ச துணி. எவ்வளவு தொவச்சாலும் மனசு கேக்குதா? வாராவாரம் ரெண்டு தடவை காட்டி மடிச்சு ஒன் அலமாரியில வெச்சிடுவேன். நீ ஒரு நாளாவது கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. மோந்து பார்த்தாலும் தெரியாது. பிறந்ததிலிருந்து புகைக்குள்ளேயே வாழும் மூக்குக்கு அது வாசனையாகவே படாது. துண்டின் நூலில் படிந்த புகையெண்ணெய் ஈரக் குஞ்சின்மேல் ஏறிவிடும். அதற்குமேல் பல்லி வாலைத் தேய்த்து என்ன பயன்? பாம்பின் நாக்குக்கு முதலில் கிடைப்பது சாம்பிராணி. துக்க வீட்டின் மூன்றாம் நாள் மட்டும் துண்டில் புகை இல்லை.

உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். அன்றே இரண்டு குஞ்சுகளை ஒரே கிண்ணத்து வெந்நீரில் இளக்கினாள். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரை வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டாள். ஒன்றைப் புகை காட்டிய துண்டாலும் இன்னொன்றைச் சமையலறைக் காகிதத்தாலும் துடைத்தாள். இரண்டுக்கும் ஒரே வால். துண்டால் துடைத்ததை முதலில் நீட்டினாள். நாக்கு இரண்டு முறை வந்தது, தலை பின்வாங்கியது. ஒரு மணி நேரம் பொறுத்து மற்றதை நீட்டினாள். நாக்கு வந்தது. மறுபடி வந்தது. பிறகு மணல் வெடித்ததுபோல் சிதறியது; குஞ்சு பாம்பின் சுருளுக்குள் இருந்தது.

"தின்னுச்சா?" ஷம்ஸா முதன்முறையாக அறைக்குள் இரண்டடி வந்திருந்தாள். "அப்போ நான்தான் அதப் பட்டினி போட்டேனா?"

"நீங்க இல்ல அத்தே, துண்டு. இனிமே துண்டே வேண்டாம்."

அன்றிரவு ரய்யா குறிப்பேட்டில் எழுதினாள்: எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி, புகை படாத காகிதத்தால் துடைத்து, பல்லி வாலைத் தேய்த்து, இடுக்கியால் நீட்ட வேண்டும். பாம்பு தின்னத் தின்ன, வாராவாரம் வால் தேய்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்; குப்பி காலியாவதற்குள் வெறும் எலியே அதற்குச் சாப்பாடாகிவிட வேண்டும்.