ஒரே ஒருத்தர் கேட்டது

லாரி கம்பெனியின் ஒலிபரப்பு அறையில், எந்தச் செய்தி முதலில் போக வேண்டும் என்று விதி எழுதியவள் அவள்தான். ஓட்டுநர்கள் தங்களுக்கு வேண்டிய தகவலைக் கையிலுள்ள கருவியில் தட்டிக் கேட்பார்கள். ஒலிபரப்புக் கோபுரம் பதில்களை ஒவ்வொன்றாக அனுப்பும்; ஒரு முறை அனுப்பினால் கேட்ட எல்லோருக்கும் போய்ச் சேரும். அதிகம் பேர் கேட்டது முதலில். "நியாயம்னா இதுதாம்மா!" என்று மானேஜர் மெச்சியதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு செய்தியைக் கையால் முன்னே தள்ளும் வசதியைக்கூட அவளே அடைத்துவிட்டாள். ஆளாளுக்குச் சிபாரிசோடு வந்து நிற்பார்களே!

அன்று பிற்பகல் திரையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினேழாம் வண்டி மலைப்பாலத்தின் நிலவரம் கேட்டு நாற்பத்தோரு நிமிடம் ஆகியிருந்தது. கேட்டது ஒரே ஆள். அந்தப் பாதையில் போவதே அந்த ஒரு வண்டிதான். அதை ஓட்டுபவர் அவளுடைய அக்கா புருஷன்.

பாலத்தின் தூணில் விரிசல், கனரக வண்டி ஏறக் கூடாது என்ற செய்தி மதியமே வந்து வரிசையில் கிடந்தது. மற்ற முப்பத்தெட்டு வண்டிக்காரர்களும் மேட்ச் ஸ்கோரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை அதுதான் போனது.

அத்தானின் பொறுமை வீடறிந்த சங்கதி. முக்கால் மணி நேரம் பார்ப்பார். பதில் வராவிட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று வண்டியை எடுத்துவிடுவார். அங்கே போனும் எடுக்காது.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் சார்" என்றாள், பக்கத்தில் வந்து நின்ற மானேஜரிடம். "எத்தனை பேருன்னுதான் எண்ணினேன். எவ்வளவு நேரமா நிக்கிறாங்கன்னு பாக்கவே இல்ல."

"இப்ப என்னம்மா பண்றது?"

"விதியை மாத்தறேன். ஆள் கணக்கை, காத்திருந்த நிமிஷத்தால பெருக்கிடறேன்."

மாற்றி முடித்தாள். ஸ்கோருக்கு முப்பத்தெட்டுப் பேர், ஒரு நிமிடம், ஆக முப்பத்தெட்டு. பாலத்துக்கு ஒரே ஆள், ஆனால் நாற்பத்து நான்கு நிமிடம். பாலம் வரிசையின் தலைக்கு வந்தது. போயும் விட்டது.

போனதே ஒழிய, அவர் பார்த்தாரா என்று எப்படித் தெரியும்? கிளம்பியிருந்தால்? அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

ஆறாவது நிமிடம், பதினேழாம் வண்டியிலிருந்து புதிய கேள்வி ஒன்று வந்து விழுந்தது. சுற்றுப்பாதை திறந்திருக்கிறதா?

"படிச்சிட்டாரு சார்! பாலத்துல ஏறல!" அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

மானேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். "இதுக்கும் ஒரே ஆளுதானே. எப்பம்மா போகும்?"

"ஸ்கோரை முந்த அரை மணிக்கு மேல ஆகும் சார்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆகட்டும். நல்லா காத்திருக்கட்டும்."