குளிரறைத் திறப்பு விழா

வீட்டுக்குள் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு குளிரறை கட்ட மூன்று பேர் வேண்டும். கட்ட ஒருவர், செலவு செய்ய ஒருவர், ரிப்பன் வெட்ட ஒருவர். அந்த வீட்டில் கட்டியவர் ஏசி மெக்கானிக். செலவு செய்தவள் பூ வியாபாரம் பார்க்கும் வீட்டுக்காரம்மா. ரிப்பனுக்கு ஆள் தேடி அலையவே வேண்டாம். அவள் கணவர் இருந்தார்.

ஏதோ ஒரு அலுவலகத்தில் அடுத்தவர் எழுதியதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு வீடே அவருக்கு அலுவலகமாகிவிட்டது. காய்கறி வாங்கி வந்தால் 'கொள்முதல்' என்பார். குழாய் ஒழுகினால் 'ஆய்வு செய்கிறேன்' என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். தெருவில் அவருக்குச் 'சேர்மன்' என்று பெயர். அது கிண்டல் என்பது அவருக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது.

பின்கட்டில் சும்மா கிடந்த அறையைத்தான் அவள் குளிரறையாக்கினாள். நடுவில் நுரை அடைத்த தகரப் பலகைகளைச் சுவருக்கும் கூரைக்கும் தரைக்கும் மெக்கானிக் பொருத்த, இடுக்கெல்லாம் பசை பூசி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டையை அவளே முட்டி தேய ஒட்டினாள். காற்று புகுந்தால் ஈரம் புகும், ஈரம் புகுந்தால் குளிர்விக்கும் குழாயில் பனி கட்டும், பனி கட்டினால் இயந்திரம் வெறும் மின்விசிறி. மெக்கானிக் அவளுக்கு இதை ஒரு தடவைதான் சொன்னார். சேர்மனுக்குப் பல தடவை சொன்னார். "இதைத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பரிசீலிப்போம்" என்றார் சேர்மன்.

இத்தனை பாடும் ஒரு ஹோட்டலுக்காக. வருஷம் முழுக்க ரோஜா அவளிடமே எடுக்க அதன் மேனேஜர் சம்மதித்திருந்தார். ஒரே நிபந்தனை, எல்லாம் இறுகிய மொட்டாக இருக்க வேண்டும். முதல் வண்டி அன்று சாயங்காலம் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் மேனேஜர் முடிவு சொல்வார். அறைக்குள் வாளி வாளியாக மொட்டுகள் மூன்று டிகிரியில் தூங்கிக்கொண்டிருந்தன.

அன்றைக்கே திறப்பு விழா என்று சேர்மன் அடம் பிடித்தார்.

"கதவைத் திறக்கக் கூடாது. வெளியே நின்னு ரிப்பன் வெட்டுங்க. கதவுல கண்ணாடி இருக்கு, அது வழியா எல்லாரும் எட்டிப் பாக்கட்டும். சரியா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா? சரி."

அந்தச் 'சரி'யை நம்பிச் சமையலறைக்கு டீ போடப் போனாள். வாழ்க்கையில் அவள் செய்த முட்டாள்தனங்களுக்கெல்லாம் வரிசை எண் கொடுத்தால் இது முதல் பத்துக்குள் வரும்.

டீத் தட்டோடு திரும்பியபோது கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே சேர்மன், சேர்மனின் அக்கா, பழைய அலுவலக நண்பர்கள், தெருக்காரர்கள், போதாக்குறைக்கு வீடியோக்காரரும் அவருடைய கண்ணைக் குருடாக்கும் பெரிய விளக்கும்.

"கதவைச் சாத்துங்க!"

"பயப்படாதே, பயப்படாதே." சேர்மன் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "பொம்பளைங்களுக்கு மெஷின்னாலே ஒரு பயம். அடுத்த குழு உள்ளே வரலாம்!"

குழு குழுவாக வந்தார்கள். ஒவ்வொருவரும் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, "அடேயப்பா, என்னா குளிரு" என்று ஒரே வசனத்தைச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் சேர்மன் குளிர்பதனத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். குழுக்கள் தீர்ந்ததும், சரியாகப் பதிவாகவில்லை என்று வீடியோக்காரர் எல்லோரையும் மறுபடி நடக்க வைத்தார். அவள் கதவை இழுத்தாள், ஒரு தோள் தடுத்தது. சேர்மன் கையைப் பிடித்தாள், "உரை முடியட்டும்" என்றார். சுவரிலிருந்த வெப்பநிலை காட்டியில் எண் ஒன்பதானது, பதினாலானது. "என்னா குளிரு" என்பது போய் "கொஞ்சம் புழுக்கமா இருக்கே" ஆயிற்று. பிறகு இருபது.

அப்போதுதான் நாத்தனார் கத்தினாள்: "தம்பி, இங்க பாருடா! பூ விரியுது!"

உண்மைதான். விளக்கின் சூட்டில் முன்வரிசை மொட்டுகள் இதழ் தளர்ந்து நெகிழ்ந்திருந்தன. கூட்டம் கை தட்டியது. "நம்ம திட்டத்தின் வெற்றி" என்றார் சேர்மன், வாயெல்லாம் பல்லாக. இதழ் ஒவ்வொன்றும் பிரியப் பிரிய, அவளுக்கு யாரோ தன் பணப்பையின் ஜிப்பை இழுத்துத் திறப்பது போல இருந்தது.

மெக்கானிக் வந்து கூரையோரத்தைக் காட்டினார். குளிர்விக்கும் குழாய் தெரியவேயில்லை, வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. "அணைச்சுட்டுப் பனி உருகறவரைக்கும் காத்திருக்கணும்மா. இன்னிக்கு இது ஆகாது."

"கடைசியாக, நன்றியுரை! நம்ம இல்லத்தரசி!" என்று மைக்கை நீட்டினார் சேர்மன். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் நன்றி" என்றாள். "ஒவ்வொருத்தரும் உங்க உடம்புச் சூட்டை மறக்காம கொண்டுவந்து என் மொட்டுக்குக் குடுத்தீங்க, அதுக்கு நன்றி. விளக்கு பிடிச்ச தம்பி, அடுப்புல வச்சிருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் விரிஞ்சிருக்காது, நன்றி. என் வீட்டுக்காரருக்குத் தனியா நன்றி. இந்த அறைக்கு அவர் ஒரு ஆணி அடிக்கல. ஆனா நாங்க மாசக்கணக்காக் கட்டினதை ஒரே காலையில ஒண்ணுமில்லாம ஆக்க அவர் ஒருத்தரால மட்டும்தான் முடியும்."

யாரோ பழக்கதோஷத்தில் கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மைக்கைக் கீழே வைக்காமலே ஹோட்டல் மேனேஜரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனை அதன் பக்கத்தில் பிடித்தாள்.

"சார், இன்னிக்கு மொட்டு இல்ல. எல்லாம் விரிஞ்சிடுச்சு."

"குளிரறை இருக்குன்னு சொன்னீங்களேம்மா?"

"இருக்கு சார். கதவைத் திறந்து போட்டுட்டாங்க."

"யாரு?"

அவள் சேர்மனைப் பார்த்தாள். அவர் தரையை ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

"வீட்ல ஒரு பெரிய மனுஷன் சார்."

"இன்னிக்கு வேற இடத்துல எடுத்துக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் கொண்டாங்க, பாக்கறேன். அதுவும் விரிஞ்சிருந்தா இத்தோட விட்ருவோம்மா."

டீ ஆறிக்கொண்டிருக்க, கூட்டம் செருப்பைத் தேட ஆரம்பித்தது. நாத்தனார் மட்டும் வாளிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விரிஞ்ச பூதானே, வீணாத்தானே போகும். ரெண்டு வாளி நான் எடுத்துக்கவா?"

"தாராளமா எடுத்துக்குங்க அண்ணி. கூடவே உங்க தம்பியையும் எடுத்துக்குங்க. நாளைக்கு வண்டி கிளம்பற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

சேர்மன் சிரித்தார். கூடச் சிரிக்க யாராவது கிடைப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தார். மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லார் முன்னாடியும் இப்படிப் பேசினா எனக்கு என்ன மரியாதை?"

"மரியாதை பத்தி இரண்டாம் கட்டத்துல பரிசீலிப்போம். உங்க பையை இப்பவே எடுத்து வைக்கிறேன். பல்பொடியும் உள்ளேயே வச்சிடறேன்."

அக்காவின் காரில், பின்சீட்டில், மடியில் ஒரு வாளி, காலிடுக்கில் ஒரு வாளி, முழுசாக மலர்ந்த ரோஜாக்களுக்கு நடுவே உட்கார்ந்தார். யாருமே கை காட்டாத தெருவைப் பார்த்து, கார் நகரும்போது ஒரு தடவை தானாகவே கை உயர்த்தினார்.

அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை. இயந்திரத்தை அணைத்து, உருகி விழும் தண்ணீருக்கு அடியில் தொட்டியை இழுத்து வைத்தாள். பிறகு ரோஜாத் தோட்டக்காரரைப் போனில் கூப்பிட்டு, விடிந்ததும் புது மொட்டு வேண்டும், உடனே ரொக்கம்தான் என்றாள்.

"அனுப்பறேம்மா. சரக்கை எண்ணி வாங்க ஐயா வீட்ல இருப்பாரா?"

அந்தக் கார் இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

"இல்லண்ணே" என்றாள். "ஐயா வெளியூர் போயிருக்காரு."