எவர்சில்வருக்குக் கேரண்டி உண்டா

1

இந்தக் கதை எனக்குச் சேலத்தில் ஓர் எலும்பு டாக்டரின் அறைவாசலில் கிடைத்தது. முழங்கால் வலிக்குப் போயிருந்தேன். வலி தீரவில்லை, அதோடு கதையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

முதல் வரி: 'உலோகமும் களைத்துப்போகும்.' [அடித்துவிட்டேன். உலோகத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்? எங்கள் வீட்டுக் கரண்டி ஒடிந்தது தெரியும்.]

2

அப்துல் மஜீத் ஏற்காடு கடைவீதியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். காம்பு ஒடிந்த கரண்டியோடு யார் வந்தாலும் ஒரே பதில்தான்: "அழுத்திக் கிண்டியிருப்பீங்க." இதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. (நானும்தான். அன்றைக்கு அல்வா.)

நாலு மாதம் முன்பு மலைப்பாதையில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து அவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். காலை ஊன்றவே கூடாது என்றார்கள். உள்ளே இருப்பதும் ஏறக்குறைய எவர்சில்வர்தான் என்று காதில் விழுந்ததும் மஜீத்துக்கு நிம்மதி. தன் சரக்கின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இரண்டாம் மாதத்திலிருந்து, மனைவி சலீமா குளிக்கப் போகும் நேரம் பார்த்து, மாடி வீட்டிலிருந்து இறங்கிக் கீழே கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்; அந்தப் பாரத்தையும் அவள் தூக்கக் கூடாது என்று அவருக்கு. பக்கத்துக் கடை அங்கப்பன்தான் திறந்துவைக்கிறார் என்று அவளிடம் சொல்லிவைத்தார். நன்றிக்கு அவள் தினமும் இடியாப்பம் கொடுத்தாள். அங்கப்பன் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

[இங்கே மஜீத்தைத் தியாகியாக்கி ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன். பெண்டாட்டியிடம் பொய் சொன்ன மனுஷன்.]

3

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"தகட்டுல கீறல் விட்டிருக்கு."

"எவர்சில்வருங்களே டாக்டர்."

"எதுவா இருந்தாலும் ஒவ்வொரு அடிக்கும் துளி வளைஞ்சு நிமிரும். எலும்பு சேர்ந்து பாரத்தை வாங்கிக்கற வரைக்கும்தான் அது தாங்கும். காலை ஊனினீங்களா?"

மஜீத் வாய் திறக்கும் முன் சலீமா சொன்னாள்: "இல்லீங்க டாக்டர். நான் கூடவே இருக்கறனுங்க. தரையில வெக்கவே உட்டதில்லீங்க. நொம்பக் கவனமாப் பாத்துக்கறனுங்க."

"ஊனியிருந்தா, இன்னையோட நிறுத்திப் பார்க்கலாம். சேர வாய்ப்பிருக்கு. ஊனாமலே இப்படின்னா எலும்பு தானா வளரலேன்னு அர்த்தம். மறுபடி திறந்து, இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து வைக்கணும்." டாக்டர் மஜீத்தைப் பார்த்தார். "எதுங்க?"

4

முடிவு ஒன்று: மஜீத் உண்மையைச் சொல்கிறார். சலீமா அழ— [அழமாட்டாள். "ஏனுங்க, எனக்காகவா ஒடிச்சுக்கிட்டீங்க?" என்று கேட்பாள். அதற்கு அவர் சொல்லும் பதிலை ஏழு தடவை எழுதினேன். ஏழும் அசடு.]

முடிவு இரண்டு: பேசாமல் இருந்துவிடுகிறார். ஆபரேஷன். [எழுத ஒரு வரி போதும். அறுபடுவது என் இடுப்பு இல்லையே.]

இந்த நிமிடம் மஜீத் சலீமாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாலு மாதமாக அவரைத் தாங்கித் தாங்கி அவள் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பது இப்போதுதான் அவர் கண்ணில் படுகிறது.

டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் வெளியே பெஞ்சின் கடைசியில் இருக்கிறேன். என் குரல் எட்டாது. கதவை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் நீங்கள்.