நான்காம் சிலிண்டருக்கு எங்கிருந்து காற்று?

1

கெய்ரோவில், ஹிரஃபியீன் பட்டறை வீதியில், என் காரின் கிளட்ச் வேலை முடியக் காத்திருந்த ஒரு காலையில் இந்தக் கதை என்னிடம் வந்தது. பக்கத்து டாக்சியின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்தார்கள். மூன்று தேநீர் நிறம். நான்காவது சுண்ணாம்பு வெள்ளை. ஏன் என்று கேட்டேன். பாதி சொன்னார்கள்; மீதியை நானே கட்டிக்கொண்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "மனித வாழ்வும் ஓர் எஞ்சினைப் போன்றதே, அதில்..." (வேண்டாம். எஞ்சின் எஞ்சினாகவே இருக்கட்டும்.)

2

உஸ்தா தவ்ஹீதா மூன்று வாரம் செலவழித்து அந்தப் பழைய டாக்சியின் எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருந்தாள். (கைதேர்ந்த மெக்கானிக்கை அங்கே உஸ்தா என்பார்கள், ஆணானாலும் பெண்ணானாலும்.) முந்தின நாள் வண்டி பட்டறையை விட்டுப் போனபோது, எஞ்சின் மேல் வைத்த தேநீர் டம்ளர் அசையவில்லை. இன்று திரும்பி வந்தபோது பானெட்டே குலுங்கியது.

டாக்சிக்காரர் பஸ்யூனியின் மகளுக்கு இன்று கல்யாணம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஊர்வலம். மகள் அப்பாவின் வண்டியில்தான் போவேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

"மூணு மணி நேரம்தான் இருக்கு உஸ்தா. அல்லாவுக்காக, மறுபடி பிரிச்சுப் போட்டுடாதேம்மா!"

எதிரே ரேடியேட்டர் கடை ஷிஹாதா கத்தினான்: "என்ன உஸ்தா, எஞ்சின் கட்டினியா, மாவு சலிக்கிற மெஷின் கட்டினியா?"

"உன் ஈயத்தை எடுத்து உன் வாய்க்கே ஒட்டுப் போட்டுக்கோடா!"

3

இந்த இடத்தை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர். இந்த வண்டியில் அது ஒன்றுதான். அங்கிருந்து கலவை நான்கு கிளைக் குழாய்களாகப் பிரிந்து நான்கு சிலிண்டருக்கும் போகிறது. ஒரே கெட்டிலிலிருந்து நான்கு டம்ளரில் தேநீர் ஊற்றுகிறீர்கள். மூன்று சரி, ஒன்று மட்டும் நீர்த்திருக்கிறது. கெட்டிலைத் திட்டலாமா? அந்த ஒரு டம்ளரில் யாரோ தண்ணீர் விட்டிருக்கிறார்கள். இங்கே தண்ணீருக்குப் பதில் காற்று. வெள்ளைப் பிளக் சொல்வது அதைத்தான்: பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, தவ்ஹீதா பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முதல் மூன்றுக்கும் எஞ்சின் திணறியது. நான்காவதைப் பிடுங்கியபோது ஒன்றுமே மாறவில்லை. அது ஏற்கெனவே சும்மாதான் இருந்தது. பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டாள். நான்காம் இடத்துக்கு யார் போனாலும் வெளுத்தார்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று கம்ப்ரஷன் அளந்தாள். நான்கும் சமம். அப்படியென்றால் அவள் கட்டிய வால்வும் ரிங்கும் குற்றமற்றவை.

(இங்கே அவள் பெருமூச்சு விட்டதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் விசாரணையை ரசிக்கிறவள்.)

ரப்பர் குழாய் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை நான்காம் கிளைக் குழாயின் மேல் மெல்ல நகர்த்தினாள். ஓரிடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்றது. அடியில் கைவிட்டுத் துழாவினாள். அவள் வைக்காத ஒரு செப்புக் குழாய் அகப்பட்டது.

4

முதல் வரைவில் பஸ்யூனியைப் பொய்யராக எழுதினேன். பொருந்தவில்லை. அவர் வெட்கப்பட்டவர், அவ்வளவே.

"ஹாஜி, இது என்ன?"

"அது... விசில், உஸ்தா. நேத்து சாயங்காலம் இன்னொரு கடையில போட்டேன். சங்கிலியை இழுத்தா மூடி திறக்கும், எஞ்சின் காத்தை உறிஞ்சும், குருவி மாதிரிப் பாடும். எல்லார் வண்டியும் ஹாரன்தான் அடிக்குது. என் பொண்ணு வண்டி பாடட்டுமேன்னு..."

"அதுக்கு நாலாவது குழாய்லயே ஏன் ஓட்டை போட்டான்?"

"அதுதான் டிரைவர் சீட்டுக்குக் கிட்ட. சங்கிலி நீளம் பத்தலை."

"மூடி சரியா உட்காரலை ஹாஜி. பாடாதப்பவும் காத்து உள்ள போயிட்டே இருக்கு."

வேகமாகப் போனால் இந்தக் கசிவு தெரியாது. உள்ளே போகும் கலவை அப்போது ஏராளம். ஒழுகும் காற்று அதில் ஒரு துளி. எஞ்சின் மெல்ல ஓடும்போதுதான் துளி பெரிதாகிறது. கல்யாண ஊர்வலமோ நடைவேகத்தில் போகும், முக்குக்கு முக்கு நின்று ஆடும்.

5

முடிவு ஒன்று: துளையில் ஒரு போல்ட். எஞ்சின் வெண்ணெயாய் ஓடுகிறது. பஸ்யூனியின் முகம் மட்டும்... (எழுத மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: விசில் அப்படியே இருக்கிறது. இரண்டாம் முக்கில் எஞ்சின் நின்றுவிடுகிறது, ஷிஹாதா கைதட்டி... (அந்தச் சந்தோஷத்தை அவனுக்குத் தர மாட்டேன்.)

முடிவு மூன்று: தவ்ஹீதா மூடியைக் கழற்றி எறிந்தாள். செப்புக் குழாயில் நீளமான ரப்பர் குழாயை மாட்டி, முன் இருக்கை வரை இழுத்து, நுனியில் விசிலைச் செருகினாள்.

"இனி கட்டைவிரல்தான் மூடி. அழுத்திப் பிடிச்சா நாலும் சமம். எடுத்தா குருவி பாடும், வண்டி ஆடும். பத்து எண்ணுறதுக்குள்ள மூடிடணும், இல்லேன்னா நின்னுடும்."

"ஆடட்டுமே! கல்யாண வண்டிதானே! ஆனா யார் பிடிக்கிறது? நான் ஓட்டணும்."

"நான் வரேன்!" என்றான் ஷிஹாதா.

"நீ பத்து வரைக்கும் எண்ண மாட்டே."

தவ்ஹீதா வரலாம்தான். ஆனால் அவளுக்கு எஞ்சின் ஓடும் சத்தத்தை வெளியே நின்று கேட்க வேண்டும். எனக்கோ எழுதக் கை வேண்டும். ஆகவே முன் இருக்கை காலி. ஏறி உட்காருங்கள். விசிலின் வாயில் கட்டைவிரலை வையுங்கள். இன்னும் கொஞ்சம் அழுத்தி. எஞ்சின் அடங்கிவிட்டது, கேட்கிறதா? பின்னால் மணமகள் ஏறுகிறாள், தெருவெங்கும் குலவை.

எப்போது விரலை எடுப்பது என்று நான் சொல்லப்போவதில்லை.